ஐந்து மாத்திரை, நான்கு கேள்வி

கருக்கலைப்பு மாத்திரை என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் ஓர் அட்டையில் அடங்கிய ஐந்து மாத்திரைகள். தனியாக இருக்கும் ஒன்று மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். மற்ற நான்கும் மிசோப்ரோஸ்டால், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். முதலாவதை விழுங்கி ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மற்ற நான்கையும் மருத்துவர் சொல்லும் முறையில் எடுக்க வேண்டும். இந்தியாவில் மிஃபெப்ரிஸ்டோனுக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்து விற்க 2008இல் அனுமதி வந்தது.

இந்த மாத்திரையைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. ‘ரெண்டு மாத்திரை போட்டா சரியாயிடும்’ என்பது ஒன்று. ‘அதைப் போட்டால் கர்ப்பப்பையே கெட்டுவிடும், அப்புறம் குழந்தையே தங்காது’ என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. இரண்டு பேச்சிலும் மாத்திரைதான் இருக்கிறது, அதை விழுங்கும் உடம்பு இல்லை. விவரமான மருத்துவர் இதை எழுதிக்கொடுக்கும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்கிறார்: எத்தனை நாள் ஆகிறது, கரு எங்கே தங்கியிருக்கிறது, உடம்பில் ரத்தம் எவ்வளவு, வேறு என்ன நோய், என்ன மருந்து. இந்த மாத்திரையால் ஆபத்து என்று நாம் கேள்விப்படுவதில் பெரும்பகுதி, இந்த நான்கில் ஏதோ ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வருவது.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கர்ப்பம் நிலைத்து நிற்க புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேண்டும். கர்ப்பப்பையின் உள்சுவரைப் பஞ்சுபோல வைத்துக் கருவைப் பிடித்துக்கொள்ள வைப்பது அதுதான். மிஃபெப்ரிஸ்டோன் அந்த ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடிமானம் தளர்கிறது, கர்ப்பப்பை வாய் மிருதுவாகிறது. பிறகு வரும் மிசோப்ரோஸ்டால் கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுகிறது.

மிஃபெப்ரிஸ்டோன் பிரான்சில் ரூசெல் உக்லாஃப் நிறுவனத்தில் பிறந்தது. ஆர்யூ-486 என்ற பழைய பெயரில் உள்ள ‘ஆர்யூ’ அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். 1988இல் அங்கே அனுமதி கிடைத்த கையோடு, எதிர்ப்புக்குப் பயந்து நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிரெஞ்சு அரசு தலையிட்டு மறுபடி விற்பனைக்குக் கொண்டுவரச் சொன்னது. மிசோப்ரோஸ்டாலின் கதை வேறு. அது வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு பிரேசில் மருந்துக்கடைகளுக்கு வந்தது. கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தராத அந்த நாட்டில் பெண்கள் அந்த எச்சரிக்கையையே குறிப்பாக எடுத்துக்கொண்டார்கள். மருத்துவ உலகம் பின்னால் வந்துதான் கற்றுக்கொண்டது. இன்றைக்கு இவ்விரண்டு மருந்தும் சேர்ந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. 2005இல் துணைப் பட்டியலில் சேர்ந்து, 2019இல் முதன்மைப் பட்டியலுக்கு ஏறின.

சரி, பாதுகாப்பானதா? ஒன்பது வாரத்துக்குள் முறையாக எடுத்தால் நூற்றுக்குச் சுமார் 95 முதல் 98 பேருக்கு மாத்திரையிலேயே வேலை முடிந்துவிடுகிறது. மிச்சப்பேருக்குக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய வேண்டிவரலாம். ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குப் போவது ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கில்தான் இருக்கும். அமெரிக்காவில் 2000 செப்டம்பரில் அனுமதி கிடைத்ததிலிருந்து 2022 இறுதி வரை சுமார் 59 லட்சம் பெண்கள் மிஃபெப்ரிஸ்டோன் எடுத்திருக்கிறார்கள். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்த இறப்புத் தகவல்கள் 32. அதிலும் கொலை, போதைமருந்து என மாத்திரைக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள் கலந்திருந்தன. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு எண்: 2018-20 கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கும்போது 97 தாய்மார்கள் இறந்தார்கள். நாடு வேறு, சூழல் வேறு, நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனால் மாத்திரை என்றாலே உயிர்பயம் என்று நினைப்பவர்களுக்கு அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்.

இந்த நல்ல எண்களெல்லாம் நான்கு கேள்விகளும் கேட்கப்பட்ட பெண்களிடமிருந்து வந்தவை. அதை மறந்துவிட்டால் எண் பொய் சொல்லும்.

நாள் கணக்கிலிருந்து தொடங்குவோம். இதில்தான் வீட்டுக்கு வீடு குழப்பம். கர்ப்பத்தின் வயதை மருத்துவர்கள் உறவுகொண்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை, மாதவிலக்கு தள்ளிப்போன நாளிலிருந்தும் எண்ணுவதில்லை. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாள்தான் கணக்கில் ஒன்றாம் நாள். 28 நாள் சுற்று உள்ள ஒரு பெண் ‘பதினைந்து நாள்தான் தள்ளிப்போயிருக்கு’ என்று வந்தால், மருத்துவர் கணக்கில் அது 43 நாள், அதாவது ஆறு வாரம் தாண்டியாயிற்று. முப்பத்தைந்து நாள் தள்ளிப்போனால் 63 நாள். இந்தியாவில் இந்த அட்டைக்கு அனுமதித்த எல்லை அதுதான், ஒன்பது வாரம். அமெரிக்காவில் 70 நாள். உலக சுகாதார நிறுவனம் பன்னிரண்டு வாரத்துக்குள் என்கிறது. மாதம் தவறாமல் வருபவர்களுக்கே இந்தக் கணக்கு இடறும். நீர்க்கட்டி காரணமாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர்கள், பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் மாதவிலக்கே திரும்பாதவர்கள் ஆகியோருக்கு ஸ்கேன் இல்லாமல் நாள் சொல்ல முடியாது. பிரசவத்துக்குப் பின் ஒருமுறைகூட மாதவிலக்கு வராமலேயே மறுபடி கர்ப்பமாவது ஒன்றும் அதிசயமில்லை.

நாள் ஏன் இவ்வளவு முக்கியம்? வாரம் கூடக்கூட ரத்தப்போக்கு கூடும், முழுதாக வெளியேறாமல் மிச்சம் தங்குவது கூடும், மாத்திரைக்குக் கட்டுப்படாமல் கர்ப்பம் தொடர்வதும் கூடும். நான்கு ஐந்து மாதத்தில் யாருக்கும் தெரியாமல் இந்த அட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. அந்தக் கட்டத்தில் இதே மருந்துகளை மருத்துவமனையிலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அளவு வேறு, படுக்கையில் வைத்து மணிக்கொருதரம் பார்த்துக்கொள்கிறார்கள். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குக் கர்ப்பப்பைத் தழும்பு பிரிந்துவிடும் அபாயம் அந்த மாதங்களில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆகவே இது யாரோ ஒருவருக்கான எச்சரிக்கை இல்லை. ஒன்பது வாரத்துக்குள் என்றால், பழைய சிசேரியன் மாத்திரைக்குத் தடையில்லை. மருத்துவரிடம் சொன்னால் போதும்.

நாளைக் கடத்திவிடும் இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ‘நாள் வர மாத்திரை’ என்று கேட்டால் சில கடைகளில் ஏதோ ஒரு ஹார்மோன் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். கர்ப்பமில்லாமல் வெறுமனே தள்ளிப்போயிருந்தால் அதை நிறுத்தியதும் மாதவிலக்கு வரும். கர்ப்பமாக இருந்தால்? கருவைத் தாங்கிப்பிடிக்கும் ஹார்மோனையே விலைக்கு வாங்கி உள்ளே அனுப்புகிறோம்! ஒன்றும் கலையாது, பத்துப் பதினைந்து நாள் வீணாகும். பப்பாளியும் எள்ளுருண்டையும் அன்னாசியும் இதே கதைதான். சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் அட்டை மலிவாகக் கிடைக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது கேள்வி, கரு எங்கே இருக்கிறது என்பது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் ஒரே ஒரு பத்திதான் எழுத இடம் உண்டு என்றால் இதைத்தான் எழுதுவேன். நூற்றில் ஒன்று இரண்டு கர்ப்பங்கள் கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிவிடுகின்றன. பெரும்பாலும் கருக்குழாயில். மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் கர்ப்பப்பைக்குள் உள்ளதை வெளியேற்றுமே தவிர, குழாயில் வளர்வதை ஒன்றும் செய்யாது. ஆனால் மாத்திரை போட்டதும் ரத்தம் வரும். ஏனென்றால் கரு குழாயில் இருந்தாலும் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துத்தான் இருக்கும், அது உதிரும். வயிறு வலிக்கும். ‘சரி, கலைந்துவிட்டது’ என்று அவள் நிம்மதியாக இருப்பாள். குழாய்க்குள் கரு வளர்ந்துகொண்டே போய் ஒருநாள் குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். மாத்திரை இந்த ஆபத்தை உண்டாக்கவில்லை, அதை மறைத்துவிட்டது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, காரணமில்லாத தோள்பட்டை வலி, தலைசுற்றி விழுவது ஆகியவை அதன் அடையாளங்கள். வெளியே தெரியும் ரத்தம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதுதான் ஏமாற்றும்.

இது யாருக்கு அதிகம் வாய்க்கும் என்பதும் ஓரளவு தெரிந்ததே. முன்பு ஒருமுறை குழாய்க் கர்ப்பம் வந்தவர்கள், குழாயில் நோய்த்தொற்று வந்தவர்கள், காப்பர்-டி உள்ளே இருக்கும்போதே கர்ப்பமானவர்கள். இவர்களோடு நம் ஊருக்கே உரிய இன்னொரு கூட்டம் உண்டு: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அது தவறுவது அபூர்வம். ஆனால் தவறிக் கர்ப்பமானால், அது குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ‘ஆபரேஷன் பண்ணியும் நின்னுடுச்சு’ என்ற கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் இவர்கள்தான். இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கேன் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது பெரிய தவறு. காப்பர்-டி உள்ளே இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் மாத்திரை.

மூன்றாவது, ரத்தம். மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு சாதாரண மாதவிலக்கைவிட அதிகம். நல்ல ஹீமோகுளோபின் உள்ள பெண் இதைத் தாங்கிக்கொள்வாள். ஏற்கெனவே ஏழு, எட்டு என்று ஓடிக்கொண்டிருப்பவளுக்கு இதே ரத்தப்போக்கு ஆபத்தாகலாம். இந்திய வழிகாட்டுதலில் ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே இருந்தால் மாத்திரை கூடாது என்கிறார்கள். இது வெளிநாட்டுப் பட்டியல்களில் அவ்வளவு அழுத்தமாக இருக்காது, நம் நாட்டில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இவர்கள் எல்லோரும் எட்டுக்குக் கீழே இல்லை, பெரும்பாலோருக்கு லேசான குறைதான். ஆனால் தனக்கு எவ்வளவு என்று தெரிந்த பெண் எத்தனை பேர்? விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நான்காவது கேள்வியில்தான் முழுத் தடைப்பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவற்றை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைப் புரிந்துகொள்வது சுலபம். மிஃபெப்ரிஸ்டோன் புரோஜெஸ்டிரோனை மட்டும் தடுப்பதில்லை, கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனையும் தடுக்கிறது. அதனால்தான் கார்டிசால் அளவுமீறிச் சுரக்கும் குஷிங் நோயாளிகளின் சர்க்கரையைக் கட்டுப்படுத்த இதே மருந்துக்கு அமெரிக்காவில் 2012இல் அனுமதி தந்தார்கள். அப்படியானால் கார்டிசால் குறைவாக உள்ளவர்களுக்கு, அதாவது அட்ரீனல் சுரப்பி சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, இது விஷப்பரீட்சை. மூட்டுவாதம், லூபஸ், கடும் ஆஸ்துமா போன்றவற்றுக்குப் பல மாதமாக பிரெட்னிசலோன் மாதிரியான ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்தப் பட்டியலில் வருவது இதனால்தான். ஆஸ்துமா பம்ப் மட்டும் பயன்படுத்துபவர்களை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்து, ரத்தம் உறைவது சம்பந்தப்பட்டவர்கள். பிறவியிலேயே ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள், இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் போன்றோர். மாத்திரையின் வேலையே ரத்தப்போக்கை உண்டாக்குவது. அது தானாக நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் முழு முறையும் நிற்கிறது. கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் (160/100க்கு மேல்), நெஞ்சுவலி, வால்வு நோய், மோசமான ஈரல், சிறுநீரக, நுரையீரல் நோய்கள், கட்டுப்படாத வலிப்பு, போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய், இந்த மருந்துகளுக்கு ஏற்கெனவே ஒவ்வாமை வந்தது ஆகியவையும் தடைகள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குக் கதை தலைகீழ். அந்த மருந்து ஈரலைத் தூண்டிவிட்டு மிஃபெப்ரிஸ்டோனை வேகமாகக் கரைத்துவிடும். ஆபத்தைவிட, வேலை செய்யாமல் போய்விடும் என்பதே அங்கே கவலை. பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தடையில்லை. மருந்து பாலில் மிகக் கொஞ்சமே சேர்கிறது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியலில் மருத்துவக் காரணம் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அவசரத்துக்கு மருத்துவமனை போய்ச்சேர முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கு மாத்திரை சரிப்படாது. இரவு பஸ் இல்லாத மலைக்கிராமம், ஊரே தெரியாத விடுதி அறை, விஷயம் தெரிந்த ஒரு ஆள்கூடப் பக்கத்தில் இல்லாத நிலை எல்லாம் இதில் அடக்கம்.

பக்கவிளைவு என்று சொல்லப்படுவதில் பாதி, விளைவேதான். ரத்தமும் வலியும் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். மிஃபெப்ரிஸ்டோன் விழுங்கிய நாளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் குமட்டலாம். விழுங்கிய சிறிது நேரத்திலேயே வாந்தியில் மாத்திரை வெளியேறிவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மறுபடி எடுக்க வேண்டிவரும். மிசோப்ரோஸ்டால் எடுத்த ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தப்போக்கும் இடுப்பு, அடிவயிறு வலியும் தொடங்கும். கட்டி கட்டியாக வரும். குளிர்நடுக்கம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி எல்லாம் அன்றைக்கு வரலாம். அவை மிசோப்ரோஸ்டாலின் குணம், ஒரு நாளில் அடங்கிவிடும். வலிக்கு இப்யூபுரூஃபன் நன்றாகக் கேட்கும், பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்பதில்லை. ‘வலி மாத்திரை போட்டால் கலையாது’ என்ற பயம் தேவையில்லை. அதிகமான போக்கு சில மணி நேரத்துக்குத்தான். பிறகு மாதவிலக்கு அளவுக்குக் குறைந்து, ஒன்றரை இரண்டு வாரம் வரை லேசாகப் போகும். சிலருக்குத் திட்டுத்திட்டாக ஒரு மாதம்கூடப் படும்.

எது எல்லை மீறியது? பெரிய நாப்கின் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுதாக நனைந்தால் காத்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். மிசோப்ரோஸ்டால் எடுத்து ஒரு நாள் கடந்த பிறகும் 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல் இருந்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். காய்ச்சலே இல்லாமல், ‘என்னமோ ரொம்ப முடியல’ என்று உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருந்து, வயிற்றுவலி, வாந்தி, படபடப்பு ஒரு நாளைத் தாண்டியும் தொடர்ந்தால் அதையும் சாதாரணமாக விடக் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் சோர்டெல்லி என்ற கிருமி அமெரிக்காவில் சில பெண்களைக் காய்ச்சல் காட்டாமலேயே கொன்றிருக்கிறது. மிக மிக அரிது, ஆனால் அதன் பிறகுதான் இந்த எச்சரிக்கை மருந்தின் தாளில் ஏறியது.

ரத்தம் அதிகம் போவதைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். வராமலேயே இருந்தால் பயப்படுவதில்லை. மிசோப்ரோஸ்டால் எடுத்து 24 மணி நேரமாகியும் ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று: மருந்து வேலை செய்யவில்லை, அல்லது கரு குழாயில் இருக்கிறது. இரண்டுக்கும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து வேலை செய்யாததற்கு நாம் யோசிக்காத ஒரு காரணமும் உண்டு. மிசோப்ரோஸ்டால் ஈரத்துக்கு ஆகாத மாத்திரை. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததும், உறை கிழிந்து கிடந்ததும் நாளடைவில் வீரியம் இழந்துவிடும். யாரோ கையில் உதிரியாகக் கொடுத்த மாத்திரையை நம்பக் கூடாது என்பதற்கு இது போதும்.

மாத்திரை எடுத்தும் கர்ப்பம் தொடர்வது நூற்றில் ஒருவருக்கு நடக்கலாம். அப்போது ‘சரி, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று மனம் மாறினால்? மிசோப்ரோஸ்டாலுக்கு ஆளான கருவில் கைகால் குறைபாடும், முகநரம்புகள் செயலிழக்கும் மோபியஸ் குறைபாடும் வந்ததைப் பிரேசில் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அப்படிப் பிறப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, விவரமான ஸ்கேன் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முடிந்ததா இல்லையா என்று பார்க்க இரண்டு வாரம் கழித்து வரச்சொல்வார்கள். அதற்குள் வீட்டில் சிறுநீர் சோதனை செய்து பார்த்து இரண்டு கோடு தெரிந்ததும் அழுது புரண்டவர்கள் உண்டு. கலைந்த பிறகும் மூன்று நான்கு வாரம் வரை அந்தச் சோதனை பாசிட்டிவ் காட்டும். அதேபோல ஸ்கேனில் ‘உள்ளே கொஞ்சம் கட்டி இருக்கு’ என்று எழுதியிருப்பதாலேயே உடனே டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, செய்தாக வேண்டும் என்பதில்லை. ரத்தப்போக்கு குறைந்துகொண்டு, காய்ச்சல் வலி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அது தானாக வெளியேறிவிடும். தேவையில்லாத டி அண்ட் சி நம் ஊரில் கொஞ்சம் தாராளமாகவே நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். ரத்த வகை நெகட்டிவ் உள்ளவர்களுக்கு, அடுத்த கர்ப்பத்தில் தாயின் ரத்தம் கருவைத் தாக்காமல் இருக்க, ஆன்டி-டி ஊசி போடுவது இங்கே வழக்கம். பன்னிரண்டு வாரத்துக்குள் அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது. இங்குள்ள மருத்துவர்களில் பலர் இன்னும் போடுகிறார்கள், போட்டால் கெடுதலில்லை.

பிற்காலத்தில் குழந்தை தங்காது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. சொல்லப்போனால் சிக்கல் நேர் எதிரானது: மாத்திரை எடுத்த எட்டாம் நாளிலேயே முட்டை வெளிவரலாம், அடுத்த மாதவிலக்கு வருவதற்கு முன்பே மறுபடி கர்ப்பமாகலாம். இன்னொன்று, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரை வேறு, இது வேறு. அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது, தங்கிய கருவை அது கலைக்காது. இரண்டையும் ஒன்றாகப் பேசி, ஒன்றுக்கான பயத்தில் இன்னொன்றையும் கடைக்காரர்கள் ஒளித்துவைக்கிறார்கள்.

ஒளித்துவைப்பது என்றதும் தமிழ்நாட்டு நிலவரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2015ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு ஒன்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. அந்த ஓராண்டில் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம், அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. ஆக, நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு மருத்துவர் என்பவர் மருந்துக்கடைக்காரர்தான். தமிழ்நாட்டில் இதைத் தடுக்கிறோம் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கணக்குக் கேட்கக் கேட்க, கடைக்காரர்கள் வம்பே வேண்டாமென்று மருந்தை வாங்கி வைப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். பெண்சிசுக்கொலையும் கருவில் பாலினம் பார்ப்பதும் நம் மாநிலத்துக்குப் பழைய காயம். உசிலம்பட்டியையும் 1992இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் ஒன்பது வாரத்தில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியாது. அந்தக் காரணத்துக்காக இந்த அட்டையைப் பூட்டிவைப்பதில் எனக்குத் தர்க்கம் புரியவில்லை. மருத்துவர் சீட்டோடு வருபவளும் நான்கு கடை ஏறி இறங்கினால் நாள்தான் கடக்கும். நாள் கடந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

சட்டம் இந்தப் பெண்ணுக்கு நினைப்பதைவிட அனுகூலமாகவே இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து போதும். சில பிரிவினருக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்கள். அந்தப் பிரிவினரில் மணமாகாத பெண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது. 18 வயது நிரம்பியவளின் கையெழுத்து மட்டும் போதும். ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து வேணும்’ என்று எத்தனையோ மருத்துவமனைகளில் கேட்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அரசு மருத்துவமனையில் இலவசம். இலங்கைத் தமிழ்ப் பெண்களுக்கு இந்த வசதி இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் அங்கே தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்பை அனுமதிக்கிறது.

சட்டமும் கடையும் எப்படியிருந்தாலும், மருத்துவரைப் பார்க்காமல் மாத்திரை போட்டுவிட்டுப் பாதி ராத்திரியில் ரத்தத்தோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் பெண்கள் இருக்கத்தான் செய்வார்கள். அங்கே போய் ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்பவர்கள் அதிகம். தானாகக் கலைந்ததற்கும் மாத்திரையால் கலைந்ததற்கும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று தெரிந்தால் மருத்துவர் குழாய்க் கர்ப்பத்தைச் சீக்கிரம் தேடுவார், காய்ச்சல் மருந்தால் வந்ததா தொற்றால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பார். கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. கூடப் போகிறவர் இரண்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளட்டும்: கடைசி மாதவிலக்குத் தேதி எழுதிய துண்டுச்சீட்டு, குப்பையில் போடாத அந்தக் காலி அட்டை.